டோட்டா ஆடத் தெரியாதா? பரவால்ல, டிஐ பாக்கலாம் வாங்க

வருஷத்துல கொஞ்ச நாள் டோட்டா 2ங்குற கம்ப்யூட்டர் கேம ஆடுற கூட்டம் மொத்தமும் வேற எதையுமே பேசாது, அந்த நாளுக்குப் பேர்தான் தி இன்டர்நேஷனல், சுருக்கமா டிஐ. வால்வ் கம்பெனி நடத்துற உலக சாம்பியன்ஷிப். 2011ல ஜெர்மனியில கொலோன்ல கேம்ஸ்காம் கண்காட்சிக்குள்ள ஆரம்பிச்சாங்க, அப்போ கேமே முழுசா வெளிவரல, ஜெயிக்கிற டீமுக்கு 10 லட்சம் டாலர்னு சொன்னதும் முக்காவாசிப் பேர் நம்பவே இல்ல. நாவிங்குற டீம் ஜெயிச்சாங்க, பணம் கைக்கு வந்துச்சு, அதுக்கப்புறம்தான் எல்லாரும் நிமிர்ந்து உக்காந்தாங்க. கடைசியா 2025 செப்டம்பர்ல ஹாம்பர்க்ல நடந்தது 14வது டிஐ.

இந்த கட்டுரை டோட்டா ஆடுறவங்களுக்கு இல்ல. ஃப்ரெண்டு ஒருத்தன் ராத்திரி உக்காந்து கத்திக்கிட்டு பாக்குறான், எட்டிப் பாத்தா ஸ்க்ரீன் முழுக்க கலர் கலரா வெடிக்குது, யாரு யார அடிக்கிறான்னே புரியல, ஆனா அவன் மூஞ்சியப் பாத்தா அதுல ஏதோ இருக்குன்னு தோணுது, அந்த நிலைமையில இருக்குறவங்களுக்கு.

ஸ்டெப் 1: ஹீரோ லிஸ்ட மூடி வைங்க

டோட்டாவ புதுசா சொல்லித்தர்றவங்க எல்லாரும் பண்ற வேல ஒண்ணு இருக்கு, 120க்கு மேல ஹீரோ இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் நாலு ஸ்பெல், அதுக்கு மேல ஐட்டம்னு ஆரம்பிப்பாங்க. கேக்குறவன் அரை மணி நேரத்துல ஓடிருவான். அது ஆடுறதுக்கு வேணும், பாக்குறதுக்கு வேணவே வேணாம். பாக்குறதுக்கு என் வரிச வேற: முதல்ல ஆளுங்களோட கத, அப்புறம் மேப்பு, அப்புறம் காசு, ஹீரோ எல்லாம் கடைசி. ஹீரோ பேரு தானா மண்டையில ஏறும், நாலு மேட்ச்ல ஒரே ஹீரோ வந்து எல்லாரையும் அள்ளிப் போட்டா நீங்களே "இவன் யாருடா"ன்னு தேடிப் போவீங்க.

இப்போதைக்குத் தெரிய வேண்டியது இவ்ளோதான். ஒரு சதுர மேப்பு, கோணலா ரெண்டாப் பிரிச்சிருக்கும், கீழ இடது மூலையில ரேடியன்ட், மேல வலது மூலையில டயர், நடுவுல ஒரு ஆறு. பக்கத்துக்கு அஞ்சு பேர். எதிராளி பேஸுக்குள்ள ஏன்ஷியன்ட்னு ஒரு கட்டடம் இருக்கு, அத உடைச்சா ஜெயிச்சாச்சு. எத்தன பேரக் கொன்னோம்னு இருக்குற கணக்கு ஜெயிக்கிறதுக்கு நேரடியா எந்த சம்பந்தமும் இல்ல. புதுசா வர்றவங்க எல்லாரும் கில் ஸ்கோரத்தான் பாப்பாங்க, 30-15ன்னு இருக்கும், 15 இருக்குற டீம் ஜெயிச்சுட்டு எந்திரிச்சு கை குடுக்கும், இவங்க முழிப்பாங்க.

ஸ்டெப் 2: எங்க, எப்போ

யூடியூப், ட்விச் ரெண்டுலயும் ஃப்ரீ. கம்ப்யூட்டர் இருந்தா ஸ்டீம்ல டோட்டா 2 வ ஃப்ரீயா இறக்கி கேமுக்குள்ளயே லைவ் பாக்கலாம், கேமராவ நீங்களே நகர்த்தலாம், ஒரு பிளேயரோட கண்ணு வழியாவும் பாக்கலாம். ஆனா ஆரம்பத்துல அது வேணாம், கமென்டேட்டர் எந்த இடத்தக் காட்டுறாரோ அத மட்டும் பாருங்க. எங்க பாக்கணும்னு முடிவு பண்றதுலயே பாதி அறிவு இருக்கு, அந்த வேலைய அவங்ககிட்ட விட்டுருங்க. சில வருஷம் புதுசா வர்றவங்களுக்குன்னே நியூகமர் ஸ்ட்ரீம் தனியா ஓட்டினாங்க, இருந்துச்சுன்னா கண்ண மூடிட்டு அதப் போடுங்க.

நேரம் பாத்து வெச்சுக்கங்க, ஏன்னா டிஐ வருஷத்துக்கு ஒரு ஊர்ல. சியாட்டில்ல நடந்தா நமக்கு ராத்திரி பூரா சிவராத்திரிதான், அங்க காலைல 10 மணின்னா இங்க ராத்திரி பத்தரை. ஐரோப்பான்னா சுகம், அங்க மதியம் 12ன்னா இங்க மூணரை, வேலை முடிச்சு வந்து சாவகாசமா உக்காரலாம், ஃபைனல் மட்டும் நடுராத்திரி தாண்டும். 2026 ஆகஸ்ட்ல ஷாங்காய்னு அறிவிச்சிருக்காங்க, அது நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அப்போ காலை டிபன் நேரத்துலயே மேட்ச் ஆரம்பிச்சிரும். சிங்கப்பூர் மலேசியாவுல இருக்குறவங்களுக்கு ஷாங்காயும் ஒரே டைம்தான், கணக்கே போட வேணாம்.

லைவ் பாக்க முடியலன்னா அப்புறமா பாக்கலாம், ஆனா ரெண்டு விஷயத்துல உஷாரா இருங்க. யூடியூப் முகப்ப திறந்தீங்கன்னா ஜெயிச்சவன் கப்போட நிக்குற படம் மூஞ்சியில அறையும். அதோட பெஸ்ட் ஆஃப் த்ரீ சீரிஸ்ல, அதாவது மூணு கேம்ல ரெண்டு ஜெயிக்க வேண்டிய மோதல்ல, மூணாவது கேம் வீடியோ இருக்கா இல்லையான்னு லிஸ்ட்டுலயே தெரிஞ்சா ரெண்டாவது கேம் பாக்குறப்பவே சஸ்பென்ஸ் போச்சு. முழு நாள் ஸ்ட்ரீம ஒரே வீடியோவா எடுத்து தள்ளித் தள்ளிப் பாக்குறது நல்லது. எந்த டீம் எங்க இருக்கு, அடுத்து யாரோட மேட்ச்னு தெரிய லிக்விபீடியான்னு ஒரு சைட் இருக்கு, டோட்டா ஆளுங்க எல்லாரும் அதத்தான் திறந்து வெச்சிருப்பாங்க, ஆனா அதுலயும் ரிசல்ட் அப்படியே இருக்கும், ஞாபகம் இருக்கட்டும்.

ஸ்டெப் 3: யாரையாவது புடிச்சுக்கங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப், இத விட்டுட்டு கீழ படிச்சா பிரயோஜனம் இல்ல. ஜெயிச்சா சந்தோஷப்படுறதுக்கும் தோத்தா வயிறு எரியறதுக்கும் ஒரு டீமோ ஒரு ஆளோ வேணும். எப்படி புடிக்கிறது? கத கேளுங்க. டோட்டாவுல கதைக்குப் பஞ்சமே இல்ல.

ஆமேன்னு ஒரு சீனா பிளேயர், உலகத்துலயே நல்ல கேரி பிளேயர் (டீமுக்குக் கடைசியில ஜெயிச்சுக் குடுக்க வேண்டியவன்) யாருன்னு கேட்டா பல பேரு சட்டுனு சொல்ற பேரு. 2018 வான்கூவர்ல ஃபைனல் வந்தார், ஓஜிங்குற டீம்கிட்ட 3-2ல தோத்தார். 2021 புக்கரெஸ்ட்ல திரும்ப ஃபைனல், டீம் ஸ்பிரிட்கிட்ட 3-2. டீம் மாறி எக்ஸ்ட்ரீம் கேமிங்குக்கு வந்து 2025 ஹாம்பர்க்ல மறுபடி ஃபைனல், இந்த தடவ ஃபால்கன்ஸ்கிட்ட, அதுவும் 3-2. மூணு ஃபைனல், மூணும் கடைசி கேம் வரைக்கும் போய் தோத்தது. இதக் கேட்ட பிறகு அந்த மனுஷன் அடுத்த தடவ மேடையில உக்காரும்போது உங்களால சும்மா பாக்க முடியுமா, சொல்லுங்க.

இன்னொரு பக்கம் ஓஜி. 2018 டிஐக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி டீம்ல இருந்து ரெண்டு பேர் கழண்டு போய்ட்டாங்க. கோச்சா இருந்த செப் தானே ஆட வந்தார், பெரிய மேடையே பாக்காத டாப்சன்னு ஒரு ஃபின்லாந்து பையன மிட்ல, அதாவது நடுப் பாதையில போட்டாங்க, ஓய்வுல இருந்த ஆனாவ திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க, யாரு வேணா கலந்துக்கலாம்ங்குற ஓபன் குவாலிஃபையர்ல இருந்து ஆடி மேல வந்தாங்க. கப்ப தூக்கினாங்க. அடுத்த வருஷம் ஷாங்காய்ல திரும்பத் தூக்கினாங்க. டிஐய ரெண்டு தடவ ஜெயிச்ச முதல் டீம் அதுதான், அப்புறம் டீம் ஸ்பிரிட்டும் 2021, 2023ன்னு ரெண்டு தடவ ஜெயிச்சு அந்த லிஸ்ட்ல சேந்துட்டாங்க.

கெய்மின் கிளாடியேட்டர்ஸ்னு ஒரு டீம் 2023லயும் 2024லயும் தொடர்ந்து ஃபைனல் வந்து ரெண்டு தடவையும் 3-0ன்னு கழுவி ஊத்தப்பட்டாங்க. 2024 கோபன்ஹேகன்ல அவங்கள அடிச்ச டீம் லிக்விட்ல பாக்ஸி, மிக்கே, இன்சானியான்னு மூணு பேர் வருஷக்கணக்கா பிரியாம ஒண்ணா ஆடி வந்தவங்க, எல்லாப் போட்டியிலயும் ரெண்டாவது இடம் வாங்கியே பேர் எடுத்தவங்க, அவங்க ஜெயிச்சப்போ எதிர் டீம் ரசிகனுக்குக்கூட கோவம் வரல.

நாடு வெச்சுப் புடிக்கணும்னாலும் சரி. ரொம்ப நாளா ஒரு வேடிக்கை இருந்துச்சு, ஒத்தப்படை வருஷம்னா மேற்கத்திய டீம் ஜெயிக்கும், ரெட்டப்படைன்னா சீனா. 2011ல இருந்து 2017 வரைக்கும் பிசகாம அப்படியே நடந்துச்சு, 2018ல ஓஜிதான் உடைச்சாங்க. 2016ல விங்ஸ்ங்குற சீன டீம் ஜெயிச்சதுக்கு அப்புறம் சீனாவுக்கு ஒண்ணு கூட கிடைக்கல. அதனாலதான் ஷாங்காய் டிஐக்கு இப்பவே சூடு ஏறுது.

நம்ம நாட்டு டீம் இருக்கான்னு கேப்பீங்க. 2022 சிங்கப்பூர் டிஐல என்டிட்டி கேமிங்னு ஒரு இந்திய நிறுவனத்தோட டீம் ஆடுச்சு, ஆனா ஆடின பசங்க ஐரோப்பா பக்கம். இந்தியாவுல, இலங்கையில எல்லாம் டோட்டா ஆடுறவங்க தென்கிழக்கு ஆசியா குவாலிஃபையர்லதான் மோதணும், அங்க பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா டீமுங்க எல்லாம் வெறித்தனமா ஆடுறவங்க. கஷ்டம்தான்.

ஸ்டெப் 4: மேட்ச் ஓடும்போது கண்ண எங்க வைக்கிறது

ஒரு கேம் சராசரியா அரை மணியில இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போகும். அத மூணு துண்டாப் பாருங்க.

முதல் பத்து நிமிஷம் பாக்க மந்தமா இருக்கும். மூணு பாத இருக்கு, லேன்னு சொல்லுவாங்க, ஒவ்வொரு லேன்லயும் அர நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு பக்கத்துல இருந்தும் க்ரீப்புங்க வரிசையா வந்து அடிச்சுக்கும். க்ரீப்புக்கு கடைசி அடி யாரு போடுறாங்களோ அவங்களுக்குத்தான் கோல்டு, இதுக்குப் பேரு லாஸ்ட் ஹிட். எதிராளிக்கு கிடைக்கக்கூடாதுன்னு தன்னோட க்ரீப்ப தானே கொல்லலாம், அது டினை. இந்த நேரத்துல யாரும் சாகலன்னாலும் உள்ளுக்குள்ள பெரிய சண்ட நடக்குது, பத்தாவது நிமிஷத்துல யாருகிட்ட எத்தன லாஸ்ட் ஹிட்னு பாத்தா தெரியும்.

அஞ்சு பேருக்கும் நம்பர் உண்டு. 1 கேரி, கடைசியில ஜெயிச்சுக் குடுக்க வேண்டியவன், டீம்ல இருக்குற காசெல்லாம் இவனுக்குத்தான் முதல்ல. 2 மிட். 3 ஆஃப்லேன், இவன் முன்னாடி போய் அடி வாங்கி சண்டைய ஆரம்பிக்கிறவன். 4, 5 ரெண்டும் சப்போர்ட். 5 வது ஆள் தன் காசுல வார்டு வாங்கி ஊர் பூரா நட்டு வெச்சு மத்தவங்களுக்கு வெளிச்சம் காட்டிட்டு, முதல்ல செத்து, கடைசியில ஸ்க்ரீன்ல பத்துப் பேருல ஏழையா நிப்பான். எனக்கு எப்பவும் அந்த அஞ்சாவது ஆளப் பாக்கத்தான் புடிக்கும், பல டீம்ல கேப்டனே அவன்தான்.

ரெண்டாவது துண்டு, பத்துல இருந்து இருபத்தஞ்சு முப்பது நிமிஷம் வரைக்கும். இங்க மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு டவர். ஒவ்வொரு டீமுக்கும் 11 டவர், லேனுக்கு மூணு, ஏன்ஷியன்ட் பக்கத்துல ரெண்டு. டவர் விழுந்தா அந்த இடம் இருட்டாகும், அங்க தனியா போனா ஆபத்து, அப்போ அந்த டீம் காசு பாக்குற இடமே சுருங்கும். மேப்புல எந்தப் பக்கத்து ஆளுங்க தைரியமா நடமாடுறாங்கன்னு பாத்தாலே யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாதி தெரிஞ்சுரும்.

ரெண்டாவது ஸ்மோக். அஞ்சு பேரும் ஒண்ணா சேந்து திடீர்னு ஊதா நிறத்துல மங்கிப் போனாங்கன்னா ஸ்மோக் போட்டுட்டாங்கன்னு அர்த்தம், வார்டு கண்ணுக்குத் தெரியாம போய் யாரையோ போட்டுத் தள்ளப் போறாங்க. கமென்டேட்டர் குரல் தாழும். நமக்கு ரெண்டு பக்கமும் தெரியும், ஆடுறவங்களுக்குத் தெரியாது, பாவம் ஒருத்தன் தனியா காட்டுக்குள்ள க்ரீப் அடிச்சுக்கிட்டு இருப்பான். டோட்டா பாக்குறதுல இருக்குற பெரிய சுகமே இந்த பத்து செகண்டுதான்.

மூணாவது ரோஷன். மேப்புல ஒரு குகைக்குள்ள இருக்குற பெரிய பூதம், யாரு பக்கமும் இல்ல. அதக் கொன்னா ஏஜிஸ்னு ஒண்ணு கிடைக்கும், அத வெச்சிருக்குறவன் செத்தாலும் அஞ்சு செகண்டுல அதே இடத்துல எந்திரிப்பான். ஆனா அஞ்சு நிமிஷம்தான் தாங்கும், அதுக்குள்ள பயன்படுத்தலன்னா போச்சு. அதனால ஏஜிஸ் எடுத்த டீம் அடுத்த அஞ்சு நிமிஷத்துல கண்டிப்பா எதையாவது உடைக்கப் போகும், பாத்ரூம் போறதா இருந்தா அதுக்கு முன்னாடியே போயிருங்க. செத்த ரோஷன் 8 நிமிஷத்துல இருந்து 11 நிமிஷத்துக்குள்ள எப்ப வேணா திரும்ப வரும், கரெக்டா எப்போன்னு யாருக்கும் தெரியாது, அந்தக் குகை வாசல்ல ரெண்டு டீமும் ஒளிஞ்சு நிக்கும், பெரிய பெரிய சண்டையெல்லாம் அங்கதான் வெடிக்கும். 2015 ஃபைனல் கடைசி கேம்ல சிடெக் டீம் மொத்தமா ரோஷன் குகைக்குள்ள போனாங்க, ஈவில் ஜீனியஸஸ்ல யுனிவர்ஸ்ங்குற பிளேயர் எர்த்ஷேக்கர்ங்குற ஹீரோவ எடுத்துட்டு உள்ள குதிச்சு எக்கோ ஸ்லாம்ங்குற ஸ்பெல் ஒண்ணு போட்டார். அந்த ஸ்பெல்லுக்கு பக்கத்துல எத்தன பேர் நெருக்கி நிக்குறாங்களோ அவ்ளோ வலி. ஒரே இடத்துல அஞ்சு பேர், கேமே அங்க முடிஞ்சுது. முதல் பரிசு 66 லட்சம் டாலர்ங்குறதால அந்த ஒரு எக்கோ ஸ்லாமுக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறு மில்லியன் டாலர் எக்கோ ஸ்லாம்னுதான் பேரு.

கடைசித் துண்டு லேட் கேம். இங்க ஸ்க்ரீன்ல நெட்வொர்த் கிராஃப் காட்டுவாங்க, எந்த டீம்கிட்ட எவ்ளோ கோல்டு அதிகம்னு. இருபதாவது நிமிஷத்துல பத்தாயிரம் கோல்டு முன்னாடி இருந்தா அது மலை. அம்பதாவது நிமிஷத்துல அதே பத்தாயிரம் பெரிய விஷயமே இல்ல, ஏன்னா ஒரு ஆள் கையில ஆறு ஐட்டம்தான் வெச்சு சண்ட போட முடியும், ரெண்டு பக்கத்துக் கேரிக்கும் ஆறும் நிரம்பிட்டா மிச்சக் காசு வெறும் பைபேக்குக்குத்தான். பைபேக்னா செத்தவன் காசு கட்டி உடனே உயிரோட வர்றது. ஒரு தடவ வாங்கினா 8 நிமிஷத்துக்கு திரும்ப வாங்க முடியாது. லேட் கேம்ல செத்தா ஒரு நிமிஷத்துக்கு மேலயும் வெளிய உக்காரணும், அந்த நேரத்துல நாலு பேர் அஞ்சு பேர எதிர்க்கணும். அதனால ஒரு கேரி சாகும்போது கமென்டேட்டர் முதல்ல கத்துறது "பைபேக் இருக்கா"ன்னுதான். இல்லன்னா மேட்ச் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க.

முன்னாடி இருக்குற டீம் எப்படித் தோக்குதுன்னும் சொல்லிடறேன், ஏன்னா டிஐல அடிக்கடி நடக்கும். பேஸ் மேட்டுல இருக்கு, ஹை கிரவுண்ட்னு சொல்லுவாங்க, கீழ இருந்து ஏறுறவனுக்கு மேல இருக்குறது தெரியாது, மேல இருக்குறவனுக்கு எல்லாம் தெரியும். காசுல பின்தங்கின டீம் முன்னாடி இருக்குற ஆளக் கொன்னா கூடுதல் கோல்டும் கிடைக்கும். அவசரப்பட்டு ஏறி ஒரு சண்ட தோத்தா நாப்பது நிமிஷ உழைப்பு ஒரு நிமிஷத்துல காலி. இத த்ரோன்னு சொல்லுவாங்க, சாட் பூரா அதே வார்த்ததான் ஓடும்.

ஒரு டீம் சாட்ல ஜிஜின்னு டைப் பண்ணினா தோல்விய ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். பெரும்பாலும் ஏன்ஷியன்ட் உடையறதுக்கு முன்னாடியே இது வந்துரும், கட்டடம் இன்னும் நிக்குதே எப்படி முடிஞ்சதுன்னு குழம்ப வேணாம். நடுவுல கேம் அப்படியே உறைஞ்சு நிக்கும், அது உங்க நெட் இல்ல, பாஸ் போட்டு கேம நிறுத்தி வெச்சிருக்காங்க, ஹெட்ஃபோன் கோளாறோ வேற எதுவோ. சில சமயம் நீளும். டீ போட நல்ல நேரம்.

ஸ்டெப் 5: ட்ராஃப்ட்

மேட்சுக்கு முன்னாடி கேப்டனுங்க மாறி மாறி ஹீரோவ எடுக்குறதும் தடை பண்றதும் நடக்கும். தெரிஞ்சவங்களுக்கு இதுதான் பாதி மேட்சே. உங்களுக்கு இப்போ ஒண்ணும் புரியாது, அதனால மேட்ச அலசுற பேனல்ல உக்காந்திருக்குறவங்க மூஞ்சியப் பாருங்க, அவங்க சிரிச்சா ஏதோ வித்தியாசமா எடுத்திருக்காங்க. 2019ல ஓஜி ஐஓங்குற உதவிக்கார ஹீரோவ எடுத்து ஆனா கையில கேரியாக் குடுத்தப்போ அப்படித்தான் எல்லாரும் வாயப் பொளந்தாங்க. எதிர் டீம் ஒரு ஆளோட ஹீரோவ மட்டும் திரும்பத் திரும்பத் தடை பண்ணினா அவனுக்குத்தான் பயப்படுறாங்கன்னு புரிஞ்சுக்கங்க. முதல் வருஷத்துக்கு இது போதும்.

ஸ்டெப் 6: பிராக்கெட்

ஃபார்மட் வருஷா வருஷம் மாறும், அதனால மனப்பாடம் பண்ணாதீங்க. 2025ல இருந்தத சொல்றேன். 16 டீம், எட்டு நேரடி அழைப்பு, எட்டு குவாலிஃபையர். முதல்ல ஸ்விஸ் முறையில அஞ்சு ரவுண்டு, அதாவது ஜெயிச்சவன் ஜெயிச்சவனோட, தோத்தவன் தோத்தவனோட. நாலு ஜெயிச்சா உள்ள, நாலு தோத்தா வீட்டுக்கு. மிச்சமிருக்குற பத்து டீமும் ஜோடி ஜோடியா வாழ்வா சாவா மேட்ச் ஆடி அஞ்சு டீம் உள்ள போகும். ஆக எட்டு டீம் பெரிய அரங்கத்துக்கு.

அங்க டபுள் எலிமினேஷன். ஐபிஎல் பிளேஆஃப்ல முதல் ரெண்டு இடத்துக்கு ஒரு தோல்விய மன்னிச்சு இன்னொரு சான்ஸ் குடுப்பாங்க இல்ல, அத எட்டு டீமுக்கும் குடுத்தா எப்படியோ அப்படி. மேல அப்பர் பிராக்கெட், ஒரு தடவ தோத்தா கீழ லோயர் பிராக்கெட், அங்கயும் தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். சீரிஸ் எல்லாம் பெஸ்ட் ஆஃப் த்ரீ, ஃபைனல் மட்டும் பெஸ்ட் ஆஃப் ஃபைவ். மேல இருந்து தோக்காம வந்த டீமுக்கு ஃபைனல்ல எந்தச் சலுகையும் கிடையாது, எனக்கு இது நியாயமாப் படல, ஆனா வால்வ் மாத்தின மாதிரி தெரியல.

நேரம் கம்மியா இருக்குறவங்களுக்கு ஒரு ஐடியா: லோயர் பிராக்கெட் மட்டும் பாருங்க. ஒவ்வொரு சீரிஸ் முடியும்போதும் ஒரு டீமோட ஒரு வருஷ உழைப்பு முடியும், கேமரா அவங்க மூஞ்சிக்குப் போகும், யாரும் ஹெட்ஃபோனக் கழட்ட மாட்டாங்க. 2021ல டீம் ஸ்பிரிட் அப்பர் பிராக்கெட் முதல் சீரிஸ்லயே தோத்து, கீழ இருந்து ஒவ்வொருத்தரா அடிச்சு ஏறி வந்து கப்ப வாங்கினாங்க.

பரிசுப் பணம் பத்தி ஒரு வார்த்த

யாரப் பாத்தாலும் டிஐன்னா 40 மில்லியன் டாலர்னு சொல்லுவாங்க. அது பழைய கத. 2013ல இருந்து ரசிகர்கள் கேமுக்குள்ள காசு குடுத்து வாங்குற காம்பென்டியம், பேட்டில் பாஸ் விற்பனையில 25 சதவீதம் பரிசுல சேரும்னு வெச்சாங்க, வருஷா வருஷம் ஏறி 2021ல 4 கோடி டாலர் தாண்டுச்சு, முதல் பரிசு மட்டும் 1 கோடியே 82 லட்சம். 2023ல பேட்டில் பாஸ நிறுத்தினாங்க, பரிசு 31 லட்சம் டாலருக்கு வந்துருச்சு. டோட்டா செத்துப் போச்சுன்னு அப்பவே ஒப்பாரி வெச்சாங்க. ஆனா பாருங்க, அதுக்கப்புறம் வந்த ஹாம்பர்க் ஃபைனல் அஞ்சு கேம் வரைக்கும் போச்சு. பணம் கொறஞ்சதால ஆட்டம் கொறையல, சின்ன டீமுங்களோட சம்பளம்தான் அடி வாங்குச்சு.

செய்யக் கூடாதது

ட்விச் சாட்ட மூடி வைங்க, குடும்பத்தோட பாக்கும்போது ரொம்ப முக்கியம். ஸ்ட்ரீம்ல பெட்டிங் விளம்பரம் நிறைய வரும், டோட்டாவுல பல காலமா அவங்க பணம்தான் ஓடுது, அந்தப் பக்கமே தல வெக்காதீங்க. இந்தியாவுல 2025ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வெச்சு ஆடுறத தடை பண்ணிருச்சு, அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ தனியாப் பிரிச்சு அங்கீகாரமும் குடுத்திருக்கு, அதனால வீட்டுல "சூதாட்டமா பாக்குற"ன்னு கேட்டா இதச் சொல்லிக்கலாம்.

நேர்ல போறதுன்னா

நம்ம ஆளுங்களுக்குப் பக்கத்துல வந்தது 2022தான், சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியம், அக்டோபர் கடைசியில ஃபைனல், டுன்ட்ராங்குற டீம் 3-0ன்னு டீம் சீக்ரெட்ட முடிச்சாங்க. அதுல ஆடின ஸ்கிட்டர், ஸ்னேகிங் ரெண்டு பேரும், கோச் ஆவியும் 2025ல ஃபால்கன்ஸ்ல சேந்து திரும்ப ஜெயிச்சாங்க. டிக்கெட் அறிவிச்ச உடனே தீந்துரும், முதல்ல டிக்கெட், அப்புறம் விசா, அப்புறம் ஃப்ளைட்னு வரிச மாத்தாம போங்க. அரங்கத்துக்குள்ள சத்தத்துல கமென்ட்ரி பாதி காதுல விழாது, அதனால முதல் டிஐய வீட்டுல பாத்துட்டு ரெண்டாவதுக்கு நேர்ல போறதுதான் என் சிபாரிசு. சீக்ரெட் ஷாப்னு ஒரு கடை போடுவாங்க, பொம்ம, டீ-ஷர்ட் எல்லாம் கிடைக்கும், முதல் நாளே போயிருங்க, கடைசி நாள் உங்க சைஸ் இருக்காது.

ஆகஸ்ட்டுக்கு முன்னாடி பாக்க வேண்டிய பழசு

லைவ்ல குதிக்குறதுக்கு முன்னாடி வாரத்துக்கு ஒண்ணு பாத்தாப் போதும், இந்த வரிசையில.

2012ல நாவிக்கும் ஐஜிங்குற சீன டீமுக்கும் நடந்த ஒரு சண்ட, தி ப்ளேன்னு தேடினாலே வரும், சில நிமிஷம்தான். ஐஜி போட்ட ரேவேஜ்ங்குற ஸ்பெல்ல நாவி பிளேயர் டெண்டியோட ரூபிக் திருடி அவங்க மேலயே திருப்பிப் போடுவார். ரூபிக்குங்குற ஹீரோ எதிராளி ஸ்பெல்ல திருடுறவன், இது தெரிஞ்சா போதும்.

அடுத்து 2013 ஃபைனல் அஞ்சாவது கேம், அலையன்ஸும் நாவியும். ரெண்டு டீமும் ஒரே நேரத்துல எதிராளி பேஸ உடைச்சுக்கிட்டு இருக்கும், நாவி ஆளுங்க வீட்டக் காப்பாத்த டெலிபோர்ட் போடுவாங்க, அலையன்ஸ் பிளேயர் எஸ்ஃபோர் பக் ஹீரோவோட ட்ரீம் காயில் ஸ்பெல்ல போட்டு அத நிறுத்துவார். அதப் பாத்தா டவர், கட்டடம் எல்லாம் ஏன் கில்ல விட முக்கியம்னு யாரும் சொல்லித்தர வேணாம்.

அப்புறம் 2018 ஃபைனல், நாலும் அஞ்சும். ஓஜி 2-1ன்னு பின்னாடி இருக்கும்போது நாலாவது கேம்ல செப் ஆடின ஆக்ஸ்ங்குற ஹீரோவப் பாருங்க. எதிர்ப்பக்கத்துல உக்காந்திருக்குறது நம்ம ஆமே. இத முடிச்சுட்டு 2021 அஞ்சாவது கேம் பாருங்க, ஸ்பிரிட்ல கொலாப்ஸுங்குற பையன் மேக்னஸ்ங்குற ஹீரோவ எடுத்திருப்பார், அந்தப் பக்கமும் ஆமேதான். கடைசியா ஹாம்பர்க் ஃபைனல், அத மட்டும் அஞ்சு கேமும் முழுசா, ஒரே நாள்ல பாருங்க, சனிக்கிழமையா இருந்தா நல்லது.